இரண்டு கோடு தெரிந்த பிறகு

2020 ஜூலையில், டெக்சாஸின் ஹூஸ்டன் நகரம் அடங்கிய ஹாரிஸ் கவுண்டி பொதுச் சுகாதார அலுவலகத்தில் ஃபேக்ஸ் இயந்திரம் கொரோனா பரிசோதனை முடிவுகளைக் கக்கிக்கொண்டே இருந்தது. தட்டு நிரம்பி வழிந்து, நூற்றுக்கணக்கான தாள்கள் தரையில் குவிந்தன. சில மருத்துவர்கள் அலுவலகத் தலைவர் உமைர் ஷாவின் சொந்த எண்ணுக்கே முடிவுகளை அனுப்பினார்கள். அவற்றை உறையில் போட்டுத் தொற்றுநோயியல் பிரிவுக்கு யாராவது கையோடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. நியூயார்க் டைம்ஸ் எழுதிய இந்தக் கதையைப் படிக்கும்போது சிரிப்பு வருவது இயல்புதான். ஆனால் அந்தத் தாள்கள் எப்படியோ வந்து சேர்ந்தன. யார் அனுப்ப வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்து, 2022 ஜனவரியில், அதே நாட்டு அரசு வீட்டுக்கு 4 சுயபரிசோதனை கிட் வீதம் தபாலில் அனுப்பத் தொடங்கியது. 50 கோடி என்று ஆரம்பித்த கொள்முதல் 100 கோடி என்று வளர்ந்தது. அந்த கிட்களில் தெரிந்த கோடுகளில் பெரும்பாலானவை ஃபேக்ஸாகக்கூட எங்கும் போகவில்லை.

அவற்றைப் போகவைக்க முயற்சி நடக்காமல் இல்லை. நல்ல பொறியாளர்கள், கணிசமான பணம், தெளிவான தரநிலைகள் எல்லாம் இருந்தன. கைபேசியிலிருந்து மாநிலச் சுகாதாரத் துறை வரைக்குமான பாதையைப் போட்டு முடித்தும்விட்டார்கள். கிட்டுக்கும் கைபேசிக்கும் நடுவே இருந்த ஒரு முழத் தூரம்தான் கடைசிவரை கடக்க முடியாமல் போனது.

அமெரிக்காவில் நோய்க் கணக்கு பெருமளவு ஆய்வகத்தை நம்பியே இருக்கிறது. மருத்துவர் மறந்துபோவார், நோயாளி மறைப்பார். ஆய்வகம் சட்டத்துக்குப் பயந்து அனுப்பிவிடும். எந்த நோயைத் தெரிவிக்க வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே சட்டமாக வைத்திருக்கிறது. அட்லாண்டாவில் இருக்கும் சிடிசி என்கிற நோய்க் கட்டுப்பாட்டு மையம் மாநிலங்கள் கொடுப்பதை வாங்கித் தொகுக்கிறது, அவ்வளவுதான். தபாலிலும் ஃபேக்ஸிலும் போன இந்த அறிக்கைகளை மின்னணு வழிக்கு மாற்றும் வேலை 1990-களில் தொடங்கியது. ஹவாய் மாநிலம் மூன்று ஆய்வகங்களைத் தானியங்கி முறையில் இணைத்துப் பார்த்தது. அதன் பலனை அளந்த ஆய்வு 1999-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் வெளிவந்தது: வந்து சேர்ந்த அறிக்கைகள் 2.3 மடங்காகப் பெருகின, சராசரியாக 3.8 நாள் முன்னதாகவே வந்தன. வயிற்றுப்போக்கு ஒரு ஊரில் பரவும்போது கிட்டத்தட்ட நான்கு நாள் முன்னால் தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்தத் துறையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கொரோனா வந்ததும் 2020 மார்ச்சில் நிறைவேறிய கேர்ஸ் சட்டம், பரிசோதனை செய்யும் ஒவ்வொரு ஆய்வகமும் ஒவ்வொரு முடிவையும் தெரிவிக்க வேண்டும் என்றது. பாசிட்டிவ் மட்டும் வந்தால் விகிதம் கணக்கிட முடியாது என்பதால் நெகட்டிவும் சேர்த்து. சட்டத்தின் கடமை விழுந்தது ஆய்வகத்தின் தலையில். வீட்டு மேசையில் மூக்கில் குச்சியை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும் மனிதரை யாரும் ஆய்வகம் என்று நினைத்திருக்கவில்லை.

ஒரு முடிவு மின்னணு வடிவில் எப்படிப் பயணம் செய்கிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 1987-ல் உருவான எச்.எல்.7 என்ற அமைப்பின் தரநிலை, அதிலும் 2.5.1 என்ற பதிப்புதான் இங்கே நடைமுறை. செய்தியின் ஒவ்வொரு வரியும் மூன்று எழுத்தில் தொடங்கும். தகவல்களுக்கு இடையே நெட்டுக்கோடு. எம்.எஸ்.எச். வரி, யாரிடமிருந்து யாருக்கு, எப்போது என்று சொல்கிறது. பி.ஐ.டி. வரியில் ஆள்: பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி. ஓ.பி.ஆர். வரியில் எந்தப் பரிசோதனை, யார் எழுதிக்கொடுத்தது. ஓ.பி.எக்ஸ். வரியில் முடிவு. எஸ்.பி.எம். வரியில் மாதிரி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற விவரம். ‘சுவாசப் பாதை மாதிரியில் விரைவு ஆன்டிஜன் சோதனை’ என்று நீட்டி எழுதாமல் 94558-4 என்று எழுதுவார்கள். இண்டியானாபொலிஸ் நகரின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994-ல் ஆரம்பித்த லாயிங்க் என்ற பட்டியலில் இந்தச் சோதனைக்கு உள்ள எண் அது. ‘கண்டறியப்பட்டது’ என்பதற்கு ஸ்னோமெட் என்ற இன்னொரு பட்டியலில் 260373001. எந்த மாநிலத்துக் கணினியும், எந்த ஆய்வகத்து மென்பொருளும் இந்த எண்களைப் பார்த்தால் ஒரே பொருளைத்தான் கொள்ளும்.

இதே படிவத்தை வீட்டுக் கிட்டுக்கு நிரப்பப் பாருங்கள். எழுதிக்கொடுத்த மருத்துவர் இல்லை. ஆய்வகத்தின் பதிவு எண் இல்லை. அதனால் வீட்டுப் பரிசோதனைக்கென்று ஒப்புக்கு ஒரு ஆய்வக எண்ணை உருவாக்கி அந்த இடத்தில் போட்டார்கள். மாதிரி எடுத்தவரும் சோதித்தவரும் முடிவைப் படித்தவரும் ஒரே ஆள், அவரே நோயாளி. பெயர் கேட்டால் பலர் ஆப்பை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். எஞ்சுவது வயது, ஜிப் கோடு என்ற அஞ்சல் குறியீடு, கிட்டின் பெயர், தேதி, முடிவு. ஜிப் கோடு தபால்காரருக்காக உண்டானது. சில குறியீடுகள் மாநில எல்லையைத் தாண்டியும் படுத்திருக்கும். இருந்தாலும் எந்த மாநிலத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய வேறு வழி இல்லை.

இந்த வேலையை எடுத்துச் செய்தது தேசிய சுகாதார நிறுவனங்களின் ரேடெக்ஸ் திட்டம். 2020 ஏப்ரலில் 150 கோடி டாலரோடு தொடங்கிய திட்டம் அது. புரூஸ் ட்ராம்பர்க் தலைமையிலான உயிரிமருத்துவப் படமாக்கல், பொறியியல் பிரிவு அதன் தொழில்நுட்பப் பகுதியை நடத்தியது. கிட் தயாரிக்கும் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஆப் எழுதி, ஐம்பது மாநிலங்களோடு ஐம்பது விதமாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே மார்ஸ் என்ற பெயரில் ஒரு பொதுத் தரநிலையை வகுத்தார்கள். எந்த ஆப்பாக இருந்தாலும் மேலே சொன்ன எச்.எல்.7 வடிவில் ஒரே இடத்துக்கு அனுப்பினால் போதும். சிடிசியும் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவும் சேர்ந்து கட்டிய ரிப்போர்ட்ஸ்ட்ரீம், பொதுச் சுகாதார ஆய்வகங்களின் சங்கம் நடத்தும் எய்ம்ஸ் (நம் ஊர் மருத்துவமனை இல்லை, இது ஒரு தகவல் தளம்) ஆகிய நடுவங்கள் ஜிப் கோட்டைப் பார்த்து உரிய மாநிலத்துக்குப் பிரித்து அனுப்பிவிடும். ஆப் இல்லாத கிட் வாங்கியவர்களுக்காக 2022 நவம்பரில் ‘மேக் மை டெஸ்ட் கவுன்ட்’ என்ற இணையதளத்தையும் திறந்தார்கள். பெயர் வேண்டாம், எந்த கிட்டாக இருந்தாலும் சரி, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பதிவு செய்ய முடிந்தது. வடிவமைப்பில் குறை சொல்ல எனக்கு அதிகம் அகப்படவில்லை.

எவ்வளவு வந்தது? சிடிசியின் வார அறிக்கையில் 2022 ஆகஸ்டில் ஒரு கணக்கு வெளிவந்தது. 2021 அக்டோபர் 31 முதல் 2022 ஜூன் 11 வரை ஆய்வகங்களிலும் மருத்துவ மையங்களிலும் செய்த பரிசோதனைகளின் முடிவுகள் 36.19 கோடி. மக்கள் தாமாகத் தெரிவித்த சுயபரிசோதனை முடிவுகள் 1.07 கோடி. இரண்டையும் கூட்டினால் நூற்றுக்கு மூன்றுகூட வீட்டிலிருந்து வரவில்லை. ஆனால் வீடுகளில் சோதனை நடக்காமல் இருக்கவில்லை. அதே இதழில் சில மாதம் முன்பு வந்த ஆய்வின்படி, அறிகுறி இருந்தவர்களில் வீட்டில் சோதித்துக்கொண்டவர்கள் டெல்டா காலத்தில் 5.7 சதவீதம், ஓமிக்ரான் காலத்தில் 20.1 சதவீதம். ஓமிக்ரான் உச்சத்தில் வெளியான தினசரிக் கணக்கை நம்பிப் பேசியவர்கள் எல்லாரும் ஒரு பெரிய பகுதியைப் பார்க்காமலேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

இங்கிலாந்தில் கதை இன்னும் தெளிவு. அங்கே ஐம்பது மாநிலச் சிக்கல் கிடையாது, என்.எச்.எஸ். என்ற ஒரே அரசு மருத்துவச் சேவை, ஒரே இணையப் பக்கம். ஒவ்வொரு சோதனைப் பட்டையிலும் தனி எண்ணும் கியூ.ஆர். குறியீடும் அச்சிட்டிருந்தார்கள். கிட் இலவசம். இத்தனையும் இருந்து, 2021 ஜூனில் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்குப் பார்த்தது. மே 26 வரை விநியோகித்த 69.1 கோடி சோதனைகளில் முடிவு பதிவானவை 9.6 கோடி, அதாவது 14 சதவீதம். மிச்சத்தில் எவ்வளவு அலமாரியில் தூங்கியது, எவ்வளவு பயன்பட்டுக் குப்பைக்குப் போனது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. தணிக்கையாளருக்கு இதைவிட மோசமான பதில் இருக்க முடியாது.

இந்தியா வேறு பாதையை முயன்றது: கட்டாயம். புனேயின் மைலேப் நிறுவனம் தயாரித்த கோவிசெல்ஃப் கிட்டுக்கு 2021 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். அனுமதி கொடுத்தது. விலை 250 ரூபாய். ஆப்பைத் தரவிறக்கிய அதே கைபேசியில் பட்டையைப் படமெடுத்து ஏற்ற வேண்டும், தகவல் ஐ.சி.எம்.ஆர். பரிசோதனைத் தளத்தோடு இணைந்த சர்வருக்குப் போகும் என்று வழிகாட்டுதலில் எழுதியிருந்தது. எழுதியிருந்தது என்பதோடு சரி. ஆப்பைத் திறக்காமலே கோட்டைப் பார்த்துவிடலாம் என்னும்போது அந்தக் கட்டாயத்துக்கு என்ன பலம்? 2022 ஜனவரியில் ஓமிக்ரான் அலை வந்தபோது, கிட் யாருக்கு விற்றது என்ற பதிவை வைத்துக்கொள்ளும்படி மும்பை மாநகராட்சி மருந்துக் கடைகளைக் கேட்க வேண்டி வந்தது. கைபேசியில் கிடைக்காத தகவலைக் கடை பில்லில் தேடும் நிலை. சென்னையில் 2020-ல் பாசிட்டிவ் வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்ததைப் பார்த்த யாரும், படமெடுத்து அரசுக்கு ஏற்றாதவரைத் திட்ட மாட்டார்கள்.

கட்டாயத்தை இயந்திரத்துக்குள்ளேயே வைக்க முடியாதா என்றால், முடியும். ஒரு நிறுவனம் செய்தும் காட்டியது. ஆஸ்திரேலியாவின் எல்யூம் நிறுவனத்தின் கிட்தான் மருந்துச் சீட்டில்லாமல், முழுக்க வீட்டிலேயே செய்துகொள்ள அமெரிக்காவில் முதன்முதலில் (2020 டிசம்பர் 15) அவசர அனுமதி பெற்றது. அதில் கோடே தெரியாது. சிறு கருவி முடிவைப் படித்துப் புளூடூத் வழியே கைபேசிக்கு அனுப்பும். ஜிப் கோட்டையும் பிறந்த தேதியையும் கொடுத்தால்தான் ஆப் பதில் சொல்லும்; பெயரும் மின்னஞ்சலும் விருப்பம். தெரிந்துகொள்வதும் தெரிவிப்பதும் ஒரே செயல். அமெரிக்க அரசு 2021 பிப்ரவரியில் 85 லட்சம் கிட்டுக்கு 23.18 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. ஒரு கிட்டுக்கு 27 டாலருக்கு மேல். அடுத்த மாதமே அபாட் நிறுவனத்தின் பைனாக்ஸ்நவ் அட்டை கடைகளில் விற்க அனுமதி பெற்றது. சுமார் 24 டாலருக்கு இரண்டு. அட்டை, பட்டை, சில துளி திரவம். பாட்டரியும் வேண்டாம், கைபேசியும் வேண்டாம். சந்தை எதை எடுத்தது என்பது தெரிந்த கதை. சுகாதாரக் கண்ணோட்டத்தில் அது தவறான தேர்வு என்று என்னால் சொல்ல முடியாது. மலிவான சோதனை அதிகப் பேரைச் சென்றடையும். அதிகப் பேர் தங்கள் நிலையை அறிந்து வீட்டில் இருந்துவிட்டால், அரசுக்குக் கணக்குத் தெரியாவிட்டாலும் பரவல் குறையும்.

எல்யூம் கருவியின் பிந்தைய கதையும் இங்கே பொருந்தும். தொழிற்சாலைக் கோளாறால் பொய்யான பாசிட்டிவ்கள் வந்து, 2021 கடைசியில் சுமார் 20 லட்சம் கிட்களைத் திரும்பப் பெற்றார்கள். அதே டிசம்பரில் பின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவன ஆய்வாளர் ஒருவர், கருவிக்கும் கைபேசிக்கும் இடையிலான புளூடூத் போக்குவரத்தில் நுழைந்து, நெகட்டிவை பாசிட்டிவாக மாற்றிக் காட்டினார். அப்படி மாற்றிய முடிவுக்கு, மேற்பார்வையில் சோதித்ததற்கான சான்றிதழும் வாங்க முடிந்தது. நிறுவனம் ஓட்டையை அடைத்துவிட்டது. ஆனால் கருவி சொன்னால் உண்மை, மனிதர் சொன்னால் சந்தேகம் என்ற எண்ணத்துக்கு இது ஒரு நல்ல குட்டு.

இன்னொரு பலவீனம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. இந்தப் பாதையின் தொடக்க முனை தனியார் நிறுவனங்களின் ஆப்பில் இருந்தது. எல்யூம் 2022-ல் திவாலின் விளிம்பில் நிர்வாகிகளின் கைக்குப் போனது. கொரோனாவையும் ஃபுளூவையும் சேர்த்துப் பார்க்கும் வீட்டுச் சோதனைக்கு அனுமதி வாங்கிய லூசிரா, அனுமதி வருவதற்கு இரண்டு நாள் முன்பு, 2023 பிப்ரவரி 22-ல், திவால் மனு போட்டிருந்தது. கைபேசியோடு இணைந்த மூலக்கூறு சோதனையால் பெயர் பெற்ற கியூ ஹெல்த் 2024 மே மாதம் கடையை மூடியது. பொதுச் சுகாதாரத்தின் ஒரு நரம்பை விற்பனை குறைந்ததும் வாடிப்போகும் நிறுவனங்களோடு முடிச்சுப் போட்டால் இதுதான் நடக்கும். போதாக்குறைக்கு, மருத்துவமனைகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் ஹிப்பா என்ற தனியுரிமைச் சட்டம், நீங்கள் கடையில் வாங்கிய கிட்டின் ஆப்பைப் பொதுவாகத் தொடாது. கல்வியறிவு உள்ள ஒரு அமெரிக்கர் இதைத் தெரிந்துகொண்டு தயங்கினால், அது அறியாமை இல்லை.

தயக்கத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். ஆய்வகத்தில் சோதித்தவர் முடிவுக்காகக் காத்திருப்பார். வீட்டில் சோதித்தவருக்கு அது ஏற்கெனவே தெரியும். ஜுரம், தலைவலி, இரண்டு கோடு. அவருக்கு வேண்டியது மருந்து, லீவு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள். அந்த நேரத்தில் ஐந்து கேள்விக்குப் பதில் தட்டி, திரும்பி எதுவும் வராத ஒரு இடத்துக்கு அனுப்பச் சொல்கிறோம். ஆறு பகுதிகளில் இலவசமாகக் கிட் கொடுத்து, அதோடு ஒரு டிஜிட்டல் உதவியாளரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022-ல் ஜாமா குழும இதழ் ஒன்றில் வந்தது. உதவியாளரைப் பயன்படுத்திய குடும்பங்களில் பெரும்பாலானவை முடிவை அனுப்பியிருந்தன. பயன்படுத்திய குடும்பங்கள்தாம் கொஞ்சம். கிட்டைப் பெற்ற பலர் ஆப்பின் பக்கமே போகவில்லை. ஆக, தெரிவிப்பதில் பிடிவாதமான எதிர்ப்பு என்று ஒன்று பெரிதாக இல்லை. உள்ளே வரக் காரணம் இல்லை, அவ்வளவே.

அந்தக் காரணத்தைக் கொடுத்துப் பார்த்த திட்டம், 2023 ஜனவரியில் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியில் ஆரம்பித்துப் பிறகு நாடு முழுக்க விரிந்த ‘ஹோம் டெஸ்ட் டு ட்ரீட்’. கிட் இலவசம். பாசிட்டிவ் என்று சொன்னால் தொலைபேசியில் மருத்துவர் வருவார். தேவைப்பட்டால் பாக்ஸ்லோவிட் மாத்திரை வீட்டுக்கோ பக்கத்து மருந்துக் கடைக்கோ வரும். அந்த மாத்திரையை அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் வேகத்துக்கும் அர்த்தம் இருந்தது. இங்கே முடிவைச் சொல்வது புள்ளிவிவரத்துக்குச் செய்யும் உபகாரமாக இருக்கவில்லை; சிகிச்சைக்கான வாசல் அதுதான். தரவு பக்கவிளைவாக வந்தது. மார்ஸ் போன்ற தரநிலைகளுக்கு எதிர்காலம் இருக்கிறது என்றால் அது இந்த வரிசையில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

வெறும் கணக்குக்காக என்றால் வீட்டு முடிவுகளை விரட்டிக்கொண்டு ஓட வேண்டிய அவசியம் குறைவு. யார் தெரிவிப்பார், யார் தெரிவிக்க மாட்டார் என்பது வயது, வருமானம், கைபேசிப் பழக்கம், பாசிட்டிவா நெகட்டிவா என்று எதை எதையோ பொறுத்து மாறும். அப்படிச் சாய்ந்த மாதிரியைக் கோடிக்கணக்கில் சேர்த்தாலும் சாய்வு சாய்வுதான். 2020 செப்டம்பரில் சிடிசி தொடங்கிய தேசியக் கழிவுநீர்க் கண்காணிப்பு யாருடைய சம்மதத்தையும் கேட்பதில்லை. ஜலதோஷக்காரரும், கிட் வாங்காதவரும், ஆப்பை வெறுப்பவரும் அதில் சேர்ந்தே அடங்குகிறார்கள். 2023 மே 11-ல் அவசரநிலை முடிவுக்கு வந்தபோது, ஆய்வகங்களிடமிருந்து எல்லா முடிவையும் பெறும் சட்ட அதிகாரத்தையே மத்திய அரசு இழந்தது. அதன் பிறகு தேர்ந்தெடுத்த ஆய்வகங்களின் மாதிரியும் கழிவுநீரும் மருத்துவமனைச் சேர்க்கையும்தான் கண்ணும் காதும். வீட்டுக் கிட்டின் முடிவு இல்லாமலே அலை வருவதும் வடிவதும் தெரிகிறது.

எல்லா நோய்க்கும் இப்படி ஆள் தெரியாத கணக்கு ஒத்துவராது. கொரோனாவில் ஜிப் கோடு போதும், ஆள் யார் என்று தெரிய வேண்டியதில்லை. சிபிலிஸில் ஆள்தான் முக்கியம். அமெரிக்காவில் 2022-ல் 2,07,000-க்கு மேற்பட்ட சிபிலிஸ் நோயாளிகள் பதிவானார்கள். 1950-க்குப் பிறகு அவ்வளவு எண்ணிக்கை இருந்ததில்லை. 2024 ஆகஸ்டில் மருந்துச் சீட்டில்லாமல் வீட்டிலேயே செய்யும் முதல் சிபிலிஸ் ரத்தச் சோதனைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. ஒரு துளி ரத்தம், 15 நிமிடம். அது பார்ப்பது எதிர்ப்பொருளை. முன்பொரு தடவை வந்து குணமானவருக்கும் அந்த எதிர்ப்பொருள் பெரும்பாலும் காலம் முழுக்க இருக்கும். ஆகவே பாசிட்டிவ் என்றாலும் ஆய்வகத்தில் வேறு சோதனை செய்துதான் உறுதிப்படுத்த வேண்டும். இணையருக்குச் சொல்லி அவரையும் சோதிப்பதற்கு மாநிலச் சுகாதாரத் துறைகளில் தனிப் பணியாளர்கள் இருக்கிறார்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் இல்லாத ஒரு எச்.எல்.7 செய்தி அவர்கள் மேசைக்கு வந்தால் அதை வைத்துக்கொண்டு அவர்கள் செய்ய ஒன்றுமில்லை.

இதற்கு முன்னோடி எச்.ஐ.வி.யில் இருக்கிறது. ஈறைத் துடைத்தெடுக்கும் வாய்த் திரவத்தில் பார்க்கும் ஓராக்விக் கிட்டுக்கு எஃப்.டி.ஏ. 2012 ஜூலையில் அனுமதி அளித்தபோது, முடிவை எந்த அரசுக்கும் அனுப்பும் ஏற்பாடு அதில் வைக்கப்படவில்லை. அந்தச் சமயத்தில் எல்லா மாநிலங்களிலும் எச்.ஐ.வி. தொற்று பெயரோடு பதிவாகிக்கொண்டிருந்தது. பெட்டியோடு கொடுத்தது 24 மணி நேரமும் ஆள் எடுக்கும் ஒரு தொலைபேசி எண். அழைத்தவரோடு பேசி, பக்கத்தில் எந்த கிளினிக்கில் உறுதிப்படுத்தலாம் என்று சொல்வார்கள். அவர் அங்கே போனால் ஆய்வகம் சட்டப்படி பெயரோடு தெரிவிக்கும்; போகாவிட்டால் யாருக்கும் தெரியாது. சிபிலிஸ் கிட்டிலும் இப்போதைக்கு நிலவரம் ஏறக்குறைய அதுவே. வீட்டுக் கோட்டுக்கும் ஆய்வகத்து ஓ.பி.எக்ஸ். வரிக்கும் நடுவே எத்தனை பேர் நின்றுவிடுகிறார்கள் என்பதை எந்த மாநிலத்துக் கணினியாலும் எண்ண முடியாது.